காது கிழிந்தவளைத் திட்டப் போகிறவள்

"ஆயுதம் ஏதாவது இருக்கா?"

வனவிலங்குக் காப்பக வாசலில் காவலர் குனிந்து கேட்கிறார். ஒட்டிலி அக்கா கைப்பிடியைச் சுழற்றிக் கார்க் கண்ணாடியை இறக்குகிறாள்.

"வாய் ஒண்ணுதான் இருக்கு. அத இங்கயே வெச்சிட்டுப் போகணுமா?"

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைதோறும் இதே கேள்வி, இதே பதில். காவலர் சிரிப்பதில்லை, குறுக்குக் கட்டையைத் தூக்கிவிடுகிறார். அக்காவும் சிரிப்பதில்லை. கிளட்ச்சை விடுகிற விதத்தில் என் தலையை ஒருமுறை பின்னால் இடிக்க வைத்துவிட்டு, சரளைச் சாலையில் இறங்குகிறாள்.

பின் இருக்கையில் அவளுடைய தொப்பி உட்கார்ந்திருக்கும். மாட்டுக் கொம்புபோல இரண்டு பக்கமும் நீண்ட, எங்கள் ஹெரேரோப் பெண்கள் அணிகிற துணித் தொப்பி. தலையில் வைத்தால் கூரையில் இடிக்கும் என்பதால் அதற்குத் தனி இருக்கை, இருக்கைக்கு பெல்ட். முன்னால் இருக்கும் என் பெல்ட் அறுந்து பல காலம் ஆகிறது. அதைச் சொல்லிக்காட்டினால், "தொப்பி நசுங்கினா வேற தெக்கணும். வாத்தியார் நசுங்கினா அரசாங்கம் வேற ஆள அனுப்பும்" என்பாள். நான் ஊர்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அவள் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறேன். இந்த இரண்டு தகுதிகளின் பேரில்தான் எனக்கு அந்த முன் இருக்கை.

மற்ற நாட்களில் அக்காவைச் சந்தையில் பார்க்கலாம். புகைக்கு நடுவே அசைகிற பூப்போட்ட பாவாடைதான் அவள். கபானா விற்கிறாள்: மாட்டிறைச்சியைக் கீற்றாக அறுத்து, கம்பி அடுப்பில் சுட்டு, செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பாள். வாங்குகிறவர் மிளகாயும் உப்பும் கலந்த பொடியில் தொட்டு நின்றபடியே தின்ன வேண்டும். வசவு இலவசம். கொழுப்பை நீக்கித் தரச் சொன்ன வங்கி மேலாளரிடம், "அப்போ நீங்க முட்டைக்கோஸ் விக்கறவளப் பாருங்க, அவ பாவம் சும்மாதான் இருக்கா" என்றாள். அவர் மறுநாள் கொழுப்போடு வாங்கித் தின்றார்.

கசாப்புக்காரியின் கண்ணோடு காட்டு விலங்குகளைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அக்காவோடு ஒரு சுற்று வரலாம். ஸ்பிரிங்பாக் மான் கூட்டம் துள்ளினால், "இதுக்கு அடுப்பு பத்த வெக்கறதே நஷ்டம்" என்பாள். ஒட்டகச்சிவிங்கி முள்மரத்துக்கு மேலிருந்து எங்களைப் பார்த்தால், "கழுத்து எலும்ப வெட்டறதுக்குள்ள என் கை போயிரும்" என்பாள். வரிக்குதிரையை மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பாள். பின்தொடை நன்றாக இருக்குமாம். ஆனால் அதன் முகம் அவளுடைய நாத்தனாருடையது போலிருப்பதால் சாப்பிட மனம் வராதாம். கழுதைப்புலிகள் பக்கத்துப் பண்ணை யூஸ்டுஸ் வளர்த்துவிட்டவை என்று உறுதியாக நம்புகிறாள். தீக்கோழி காப்பகத்தின் சம்பள ஆள் என்பது அவளுடைய இன்னொரு முடிவு. அது மட்டும்தான் வேலைக்கு வந்ததுபோல் நேரத்துக்குச் சாலையைக் கடக்கிறதாம்.

விலங்குகளுக்கு அடுத்தபடி அவள் கவனித்துப் பார்ப்பது பயணிகளை. தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுத்த உயரமான வண்டிகளில் வருவார்கள். கூரைமேல் கூடாரம், பின்னால் இரண்டு உபரிச் சக்கரம், மண்வெட்டி, குளிர்பெட்டி. அதே சாலையில் அக்காவின் பழைய வெள்ளைக் கார் ஒரு பொரித்த ரொட்டிப் பொட்டலத்தையும் ஒரு பாட்டில் புளித்த பாலையும் மட்டும் நம்பி ஓடும். அவர்கள் எல்லோரும் காய்ந்த புல் நிறத்தில் உடுத்தியிருப்பார்கள். வெள்ளை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு புல் நிறத்தில் உடுத்தினால் யார் ஏமாறுவார்கள் என்று ஒரு ஜெர்மன் தம்பதியை நிறுத்திக் கேட்டாள். அவர்களுக்குப் புரியவில்லை, அவளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதரின் கேமராவில் அடுப்புக் குழாய் நீளத்துக்கு ஒரு லென்ஸ். "கண்ணால பாக்கறது ஊருக்குப் போயிதான் போல" என்று என்னிடம் சொன்னாள்.

இடது பக்கம் என் பொறுப்பு, வலது பக்கம் அவள் பொறுப்பு. என் பக்கத்தில் இதுவரை நான் கண்டுபிடித்த சிங்கங்களில் பெரும்பாலானவை கற்கள். ஒன்று கரையான் புற்று. "வாத்தியாருக்கு எல்லாமே சிங்கமாத் தெரியுது, பள்ளிக்கூடத்துல பசங்களும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு வண்டியை ஓட்டுவாள்.

அவள் தேடுவது ஒரே ஒரு சிங்கத்தை. இடது காது நடுவில் இரண்டாகக் கிழிந்த பெண் சிங்கம். தேடுவது ரசிக்க அல்ல, திட்ட.

காரணம் தூறல். அது ஒரு எருதின் பெயர். சாம்பல் உடம்பில் வெள்ளைத் துளிகள் தெளித்த நிறம், அதனால் அந்தப் பெயர். அக்காவின் கணவர் வளர்த்தது. அவர் இறந்தபோது, இறந்தவருக்குப் பிடித்த மாட்டைச் சாவு விருந்துக்கு அறுக்கிற எங்கள் முறைப்படி, அதைத்தான் அறுத்திருக்க வேண்டும். உறவினர்கள் கயிற்றோடு வந்துவிட்டார்கள். அக்கா தொழுவத்து வாசலில் நின்று, வேறு எந்த மாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இதை விடமாட்டேன் என்றாள். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொல்வது சாதாரணக் காரியம் அல்ல. கணவருடைய அண்ணன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. தூறல் தப்பித்தது. அடுத்த வறட்சியில், அக்காவின் தொழுவத்தை ஒட்டிப் போகிற காப்பக வேலிக்கு அடியில் காட்டுப்பன்றிகள் தோண்டிய பள்ளம் வழியாகக் காது கிழிந்தவள் நுழைந்து வந்து அதைத் தின்றாள். விடியும்போது போன அக்கா, இருபது முப்பது அடி தூரத்தில் அந்தக் காதைப் பார்த்தாள். துக்கம் கேட்க வந்த உறவினர்கள், "நாங்க கேட்டப்பவே குடுத்திருந்தா எல்லாரும் சாப்பிட்டிருக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காப்பக அதிகாரி கரிசேப் வந்தார். சாந்தமான மனிதர். வேலியை அடைத்தார். சிங்கத்தை உள்ளே விரட்டியாயிற்று என்றார். விரட்டினால் போதுமா, தண்டனை என்ன என்று அக்கா கேட்டாள். சிங்கத்துக்குத் தண்டனை கிடையாது என்றார் அவர். "அப்போ நான் உள்ள வந்து பேசிக்கறேன்" என்றாள். கரிசேப் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தலையாட்டினார். அடுத்த மாதக் கடைசியில் அக்கா கட்டணம் கட்டி உள்ளே நுழைந்தாள்.

முதல் சில மாதங்கள் ஆள் அகப்படவில்லை. பிறகு ஒருநாள் மேற்குக் குட்டைக்குப் பக்கத்தில், மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த ஒரு பெண் சிங்கத்தைப் பார்த்து அக்கா வண்டியை நிறுத்தினாள். கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினாள். தூறலின் பிறப்பிலிருந்து ஆரம்பித்து, அதன் குணம், நடை, கணவர் அதனோடு பேசுகிற விதம் எல்லாம் சொல்லி, கடைசியில் சிங்கத்தின் தாய்வழியைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னாள். வெகு நேரம் கழித்து சிங்கம் கொட்டாவி விட்டபடி இந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு காதும் முழுசாக இருந்தன.

அக்கா ஒரு வாய் புளித்த பால் குடித்தாள். "பரவால்ல. இவளும் கேட்டு வெச்சிக்கறது நல்லதுதான்."

சரியான ஆளை அதற்கடுத்த மாதம் பிடித்தோம். அன்றிலிருந்து இது ஒரு வழக்கம். திட்டு என்றால் கத்தல் அல்ல, பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிமேல் சாய்ந்து பேசுகிற மாதிரி. "படுத்துக்கோ, படுத்துக்கோ. உனக்கென்ன, தின்ன மாட்டுக்குக் கணக்குக் கேக்க யாரு இருக்கா? கெழவன் செத்தப்ப ஊரே வந்து கேட்டுச்சு, ஒரு முடிகூட குடுக்கல. நீ கேக்கவே இல்ல." காது கிழிந்தவள் கேட்டாளோ இல்லையோ, வாலால் ஈ ஓட்டுவாள். சில மாதங்களில் அக்கா தூறலை மறந்து சந்தை விஷயங்களுக்குப் போய்விடுவாள். விறகு விலை, நாத்தனார் மகளின் கல்யாணம், யூஸ்டுஸின் புது வண்டி. இதையெல்லாம் அவள் ஊரில் யாரிடமும் இவ்வளவு நிதானமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அவளிடம் சொல்லிப் பார்க்கும் துணிச்சலும் எனக்கு வந்ததில்லை.

ஒரு மாதம் காது கிழிந்தவள் இரண்டு குட்டிகளோடு வந்தாள். அக்கா நெடுநேரம் பார்த்தாள். "ரெண்டா? என் வேலிக்குத் திருட வர இன்னும் ரெண்டு பேரா?" என்றாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தோம்.

போன செப்டம்பர், காப்பகம் எலும்பாகக் காய்ந்திருந்தது. புல் இல்லை, இலை இல்லை. மற்ற குட்டைகள் வற்றி, மேற்குக் குட்டையில் மட்டும் ஆழ்துளைக் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர். விலங்கெல்லாம் அங்கே, அதனால் வண்டியெல்லாமும் அங்கே. அந்த இடத்தில் சாலை குட்டையின் ஓரமாகப் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மொப்பானிப் புதர். நாங்கள் போனபோது வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்று சாலையையே ஒரு சுவராக்கியிருந்தன. நாங்களும் அதில் ஒரு செங்கல் ஆனோம்.

காது கிழிந்தவள் புதர்ப் பக்கமாக வந்தாள். முன்தோளில் ஓரிக்ஸ் மானின் கொம்பு கிழித்த பழைய காயம், அதில் ஈ. ஒரு காலை ஊன்றாமல் நடந்தாள். விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. பின்னால் குட்டிகள், நாக்கைத் தொங்கவிட்டபடி. சாலை ஓரம்வரை வந்தாள், வண்டிச் சுவரைப் பார்த்தாள், வெயிலில் உட்கார்ந்தாள். எழுந்து சற்றுத் தள்ளி வேறு இடத்தில் கடக்கப் பார்த்தாள். அவள் நகர்ந்த பக்கமாகவே வண்டிகளும் நகர்ந்தன, நல்ல படத்துக்காக. மறுபடி திரும்பினாள். அவர்களும் திரும்பினார்கள். எல்லோரும் மிகவும் அமைதியாக, மிகவும் பண்போடு, ஒருவர் படத்தை ஒருவர் மறைக்காமல் அவளுக்குத் தண்ணீரை மறைத்தார்கள். அடுத்த வண்டியிலிருந்த பெண் குட்டிகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய வண்டிதான் முதலில் நகர்ந்திருக்க வேண்டியது.

நான் அக்காவைப் பார்த்தேன். திட்டுவதற்கு இன்னும் கண்ணாடியை இறக்கவில்லை.

பிறகு காரைப் பின்னால் எடுத்து, சுவரில் ஒரு இடைவெளி விட்டாள். சிங்கம் எழுந்தது. அதற்குள் பின்னாலிருந்த வண்டி, நல்ல இடம் காலியாகிவிட்டது என்று சந்தோஷமாக முன்னால் வந்து அதை அடைத்துக்கொண்டது. ஓட்டியவர் அக்காவுக்குக் கையை அசைத்து நன்றி சொன்னார்.

அக்கா ஹாரனில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. காப்பகத்துக்குள் ஹாரன் அடிப்பது தடை. அது அவளுக்குத் தெரியும், வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. நன்றி சொன்னவரின் வண்டியை முன்பக்கத்தால் மெல்ல முட்டி, மெல்ல, மாட்டைத் தொழுவத்துக்குத் தள்ளுகிற மாதிரி, ஒரு வண்டி நீளம் தள்ளினாள். பிறகு காரைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள், அந்த இடைவெளியை இனி யாரும் அடைக்க முடியாதபடி. அப்போதுதான் கண்ணாடியை இறக்கினாள், முழுசாக. எங்கள் மொழியிலும் ஆப்பிரிக்கான்ஸிலும் அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மனிலும் அவர்களிடம் பேசினாள். அச்சிடத் தகுந்த பகுதி இதுதான்:

"அவ வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அவளப் பாக்க வந்தேங்கறீங்க. வழிய விடுங்க. குடிச்சிட்டு வந்து படுத்துக்குவா, அப்புறம் எவ்வளவு வேணாலும் பாருங்க."

ஹாரன் நின்றது. காது கிழிந்தவள் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு நொண்டியபடி எங்கள் கார் மூக்குக்கு முன்னால் கடந்தாள். முழுசாக இறங்கிய கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சந்தைப் பலகையின் நீளம்கூட இல்லை. அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள், சர்ச்சில் உட்கார்வதுபோல. குட்டிகள் ஓடின. மூன்றும் தலையைத் தாழ்த்திக் குடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வரும் வழியில் அந்தக் காயம் ஆறுமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். தண்ணி இல்லாட்டி அவ மறுபடி என் வேலிக்குத்தான் வருவா. என் மாட்டுக்காகப் பண்ணேன்" என்றாள். அதையே வாசல் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை சொன்னாள். நான் கேட்காமலேயே.

வாசலில் கரிசேப் காத்திருந்தார். புகார்கள் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன. வண்டியை இடித்தது, ஹாரன், விலங்குக்கு முன்னால் கண்ணாடியை இறக்கியது. அக்கா எதையும் மறுக்கவில்லை. ஹாரனை மனிதர்களுக்குத்தான் அடித்ததாகவும், சட்டத்தில் அது வருமா என்றும் மட்டும் கேட்டாள். கரிசேப் தரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த குளிர்காலம்வரை அவளை உள்ளே விட முடியாது என்றார். தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

"உங்க கையில எப்பவுமே எதுவும் இல்ல, தம்பி" என்றாள். "சிங்கத்துக்குத் தண்டன கெடையாதுன்னு சொன்னீங்க. எனக்கு இருக்கு. பரவால்ல, அவள மாதிரி நான் வேலிக்கடியில வரமாட்டேன்."

ஊரில் அதைவிடக் கஷ்டம். யாரோ எடுத்த வீடியோ எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. அந்தச் சிங்கம் வேலி தாண்டினால் சுட்டுவிடுவதென்று அவர்கள் பேசிவைத்திருந்தார்கள். அக்காவின் கணவருடைய அண்ணன், இத்தனை காலத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளைப் பற்றி வாய் திறந்து, புருஷன் மாட்டைத் தின்றவளுக்குத் தண்ணீர் காட்டுகிறாள் என்று மாட்டுச் சந்தையில் சொன்னார். சில நாட்கள் எங்கள் ஆட்கள் அவள் அடுப்புக்கு வரவில்லை. எதிர் அடுப்பில் வரிசை நின்றது, அவர்கள் எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் தின்றார்கள்.

யூஸ்டுஸ் மட்டும் நேராகவே வந்து கேட்டார். "ஏன் ஒட்டிலி, உன் மாட்டத் தின்னவதானே அவ?"

அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஆமா, என் மாட்ட. உன் மாட்டயா தின்னா? அவ தாகத்துல செத்துப் போயிட்டா நான் யார்கிட்டப் போயித் திட்டறது? உன்கிட்டயா?"

யூஸ்டுஸ் யோசித்துப் பார்த்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அவர் வாங்கியதைப் பார்த்து மற்றவர்களும் மெல்ல வந்தார்கள். கணவருடைய அண்ணன் வரவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் இப்போது அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடை போடுகிறாள். அன்று வசவும் கொஞ்சம் கூடுதல். பயணிகள் யாராவது வந்து சிங்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், தீக்கோழியைக் கேட்டுப் பாருங்கள் என்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை கரிசேப் வந்தார். தடை போட்ட பிறகு முதல்முறை. சீருடையோடு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அங்கிருந்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா யாருக்கோ போடுகிற மாதிரி நான்கு கீற்றுப் போட்டாள். அவர் போகவில்லை. அடுப்போரமாக நின்று மென்றபடி, பொதுவாகப் புகையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நேத்து காது கிழிஞ்சவளப் பாத்தோம். புண்ணு காஞ்சிருச்சு. வரிக்குதிர ஒண்ண அவளே அடிச்சிருக்கா."

"நான் கேட்டேனா?"

"கேக்கல அக்கா."

"அப்புறம்?"

அக்கா அடுப்பின் மூலையில், தனக்கென்று ஒதுக்கி நன்றாகச் சுட்டு வைத்திருந்த கொழுப்புள்ள விலாத் துண்டைக் கத்தி முனையால் எடுத்து அவர் காகிதத்தில் வைத்தாள். கரிசேப் அதை மிளகாய்ப்பொடியில் தொட்டார். வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"குட்டிதான் ஒண்ணக் காணோம். ஒண்ணு மட்டும்தான் பின்னால வந்துச்சு."

அக்கா நிமிரவில்லை. அடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் விரல்களிலிருந்து அந்தத் துண்டை வாங்கி, "இது இன்னும் வேகல" என்று மறுபடி நெருப்பில் போட்டாள்.